பிழை பிடித்தவர்கள்

வேலியை நான் வரைந்த முதற்படத்தில் கட்டுமுடிச்சுகள் எல்லாம் ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தன. 2003ஆம் ஆண்டுக் கோடையில், எங்கள் வளவுக்கு வேலியடைக்க வந்த அண்ணை ஒருவர் தேநீருக்காக விறாந்தைக்கு ஏறியபோது, சுவரோடு சாய்த்து வைத்திருந்த அந்தப் படத்தைக் கண்டார். தேநீர் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தங்கச்சி, நீ வேலிக்கு எந்தப் பக்கம் நிக்கிறாய்?" என்று கேட்டார். ஒழுங்கையில் நின்று பார்ப்பதாகத்தான் வரைந்தேன் என்றேன். படத்தின் அடியில் மணலில் சைக்கிள் தடங்கள்கூடக் கிடந்தன. "அப்ப முடிச்சு எப்பிடித் தெரியும்? முடிச்சு வளவுக்குள்ளை எல்லோ விழவேணும். வெளியிலை முடிஞ்சால் போறவன் வாறவன் அவிட்டுக்கொண்டு போயிடுவான்" என்று சொல்லிவிட்டு, குத்தூசியை எடுத்துக்கொண்டு வேலைக்கு இறங்கிப் போய்விட்டார். அதற்கு முன்னர் என் படங்களைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகப் பலர் பேசியிருக்கிறார்கள். ஆனால் படத்துக்குள் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

ஓவியக் காட்சிகளில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, இவற்றை வரையும் உந்துதல் எங்கிருந்து வருகிறது என்பதாகும். பல ஆண்டுகளாக நான் அதற்குப் பனை, வெயில், இழப்பு, நினைவு என்று கேட்பவரின் முகத்துக்கு ஏற்ப ஏதாவது சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறேன். அந்த விடைகள் பொய்யல்ல. ஆனால் அவற்றை யாரும் சொல்லலாம், தூரிகையைத் தொட்டறியாதவரும் சொல்லலாம். படங்களை ஒவ்வொன்றாக எடுத்து இது எப்படித் தொடங்கியது என்று நேர்மையாக நினைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் அடியில் ஒரு மனிதர் நின்றுகொண்டு "இது பிழை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்களில் ஒருவர்கூட ஓவியர் இல்லை. அவர்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

வேலியடைப்பைப் பார்த்து வளராத இளையவர்கள் இப்போது இருக்கிறார்கள் என்பதால் அந்த வேலையைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. கிளுவையும் பூவரசும் கதியால்களாக வேர்விட்டு நிற்க, அவற்றுக்குக் குறுக்கே வரிச்சுகளைக் கட்டி, மிதித்துத் தட்டையாக்கிய பனையோலையை அடுக்கிப் பிணைப்பார்கள். கரையோரங்களில் ஓலைக்குப் பதிலாகக் கிடுகு இருக்கும். இது தனி ஒருவரால் ஆகிற வேலை அன்று. வளவுக்குள் ஒருவரும் ஒழுங்கையில் ஒருவருமாக நின்று, ஒருவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலைக்குள்ளால் குத்தி அனுப்ப, மற்றவர் கயிற்றை வாங்கி வரிச்சைச் சுற்றித் திரும்பக் கொடுப்பார். ஓலை உயர உயர ஒருவர் முகம் மற்றவருக்கு மறைந்துவிடும். ஆனால் கதை ஓயாது. ஊர்ப் புதினம், கலியாணப் பேச்சு, எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டவருடைய வழக்கு எந்த நீதிமன்றத்தில் எத்தனையாம் ஆண்டாக நடக்கிறது என்பது உட்பட எல்லாம் அந்த ஓலைக்குள்ளால் போய்வரும். யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுத விரும்புபவர் கதியால் வழக்குகளின் கோவைகளைப் படித்தாலே போதும் என்று நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு.

அண்ணையின் கேள்விக்குப் பிறகு அந்தப் படத்தைத் திருத்த முயன்றேன். முடிச்சுகளை மூடிவிட்டால் வேலி வெறும் ஓலைச் சுவராகிவிட்டது. பார்க்கிற இடத்தை வளவுக்குள் மாற்றினால் ஒழுங்கை இல்லாமற் போயிற்று. ஒரு பக்கம் நின்று பார்க்கிற எந்தப் படத்திலும் வேலி முழுதாக வராது என்பது பல வாரம் சென்றபின்தான் எனக்கு உறைத்தது. ஆகவே கோறாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதனை வீட்டு முற்றத்தில் நிறுத்திவைத்து, நான் ஒரு பக்கமும் என் தங்கை மறுபக்கமுமாக நின்று, சாக்குத் தைக்கும் ஊசியால் சணற்கயிற்றைக் குத்திக் குத்தி வாங்கினோம். அதன் பின்னர் இரண்டு பக்கமும் நிறம் பூசினேன். முடிச்சுகள் எல்லாம் என் பக்கத்தில் விழுந்தன. தங்கையின் பக்கத்தில் தையல் மட்டும் தெரிந்தது. காட்சியில் அவற்றைச் சுவரில் மாட்டாமல் கூரையிலிருந்து தொங்கவிட்டபோது, வந்தவர்கள் முதலில் செய்தது எது முன்பக்கம் என்று என்னைக் கேட்டதுதான். அந்தக் கேள்விக்காகவே அவற்றைச் செய்தேன் என்று சொல்லவேண்டும்.

அயல்வீட்டுப் பெண்கள் போய்வருவதற்கென வேலியில் விடும் இடைவெளியை நாங்கள் பொட்டு என்போம். நெற்றியில் வைப்பதற்கும் வேலியில் விடுவதற்கும் ஒரே சொல் இருப்பதை நான் வரையத் தொடங்கும்வரை கவனித்ததில்லை. ஒவ்வொரு துணியிலும் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய அளவுக்கு ஒரு பொட்டு விட்டேன். காட்சிக்கு வந்த குழந்தைகள் அதற்குள்ளால் பூர்ந்து போனார்கள். பெரியவர்கள் சுற்றிப் போனார்கள்.

ஒன்பது துணிகளோடு அந்த வரிசை நின்றுபோனதற்குக் கலை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. போரால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தபின் கொழும்பிலிருந்து நிறமும் துணியும் தட்டுப்பாடின்றி வந்துகொண்டிருந்தன. 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் நிறக்குழாய் தேடுவது எனக்கே அழகாகப் படவில்லை. ஓர் ஓவியரின் "காலகட்டங்கள்" என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டுவதில் எத்தனை பங்கு லொறிகளின் வரத்தைப் பொறுத்தது என்று யாரேனும் ஒருநாள் ஆராய வேண்டும். பின்னர் 2011இல், இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீடுகளின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்ததைக் கொண்டு ஓவியர் தா. சனாதனன் ஒரு நூலை உருவாக்கியபோது, அதன் பக்கங்களை நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் பென்சில் பிடித்திராதவரும் தன் வீட்டுக் கிணறு வாசலுக்கு எந்தப் பக்கம் என்பதில் தடுமாறுவதில்லை. என்னைத் திருத்தக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று அன்று எனக்கு விளங்கியது.

ஆனால் எனக்குப் பிழை பிடித்தவர்களில் அண்ணை முதலாமவர் அல்லர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், நான் பத்தொன்பது வயதில் பெரியப்பாவின் ஸ்ரூடியோவில் உதவியாளாக இருந்தபோது ஓர் அம்மா சொன்ன ஒரு வசனம், என் வேலை முழுவதையும் திசைதிருப்பிவிட்டது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் சென்றன.

போர்க்காலத்தில் அரசு வடக்குக்கு விதித்திருந்த பொருளாதாரத் தடையின் நடுப்பகுதி அது. மின்சாரம் நின்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மண்ணெண்ணெய் துளித்துளியாகச் செலவழிக்கப்பட்டது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அதில் ஊறிய எண்ணெயில் திரி எரியும் விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். ஸ்ரூடியோவுக்கு வேண்டிய தாளும் மருந்தும் அருமையாகிவிட்டதால், படம் பெருப்பிக்க வருபவர்களுக்குப் பெரியப்பா கையால் வரைந்து கொடுக்கத் தொடங்கியிருந்தார். கையால் பெருப்பிக்கும் முறை எளியது. சிறிய படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்துக் கட்டம் போட்டு, பெரிய தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை அப்படியே மாற்றுவது. கட்டம் போடுவது என் வேலை. கண்களை வரைவது பெரியப்பாவின் வேலை. நடுவில் உள்ளவற்றை இருவரும் பகிர்ந்துகொள்வோம். அப்போது வந்துகொண்டிருந்தவை பெரும்பாலும் மரண வீட்டுப் படங்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் படம் வேண்டும். கையில் இருப்பதோ அடையாள அட்டையில் உள்ள முத்திரை அளவுப் படம் ஒன்றுதான்.

கறுப்புக்கு நாங்கள் விளக்குக் கரியைத் தான் நம்பியிருந்தோம். எரியும் திரிக்கு மேல் மண்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தால் பூப்போலக் கரி படியும். அதைச் சுரண்டி வேப்பம்பிசினோடு குழைப்போம். ஆனால் விளக்குக் கரி இலகுவில் தண்ணீரை ஏற்காது. தண்ணீரை ஊற்றினால் மேலே மிதந்து எரிச்சலூட்டும். சில துளி சாராயம் விட்டால் உடனே நனைந்துவிடும். அந்தக் காரணத்தைக் காட்டிப் பெரியப்பா வாங்கிவைத்த போத்தலில் கரிக்குப் போன பங்கு மிகச் சொற்பம் என்பதைப் பெரியம்மா அறிவார். எப்படியானாலும், கடையில் விற்கும் எந்தக் கறுப்பிலும் அந்தக் கரியின் மென்மையை நான் பிறகு கண்டதில்லை. இன்றும் கறுப்பை மட்டும் நானே செய்துகொள்கிறேன்.

அந்த அம்மா கொண்டுவந்த அடையாள அட்டையில் இருந்த பையனுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். இறந்து மூன்று கிழமை. எப்படி என்று அவர் சொல்லவில்லை, பெரியப்பாவும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது கேட்கப்படாத கேள்வி. படம் முடிந்ததும் வாங்க வந்தவர், கண், மூக்கு, மேலுதட்டில் அரும்பிய மீசை எல்லாவற்றையும் விரலால் தொடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, இந்தக் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிடு. அவன் ஒரு நாளும் அதைப் பூட்டினதில்லை" என்றார்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது, சேட்டின் மேற்பொத்தானைப் பூட்டச் சொல்லி நிமிர்த்தி இருத்துவது பெரியப்பாவின் வழக்கம்; ஒருவேளை அந்தப் பொத்தானைப் பூட்டச் சொன்னவரும் அவராகவே இருக்கலாம். பொத்தானை அழிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அதை அழித்ததும் கழுத்துப்பட்டி விரியவேண்டும். விரிந்தால் உள்ளே கழுத்துத் தெரியவேண்டும். அந்தக் கழுத்து அட்டையில் இல்லை. கட்டம் போட்டு மாற்ற அங்கே ஒன்றும் இல்லை. பெரியப்பா தாளை என் பக்கமாகத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். நான் அந்த அம்மாவிடம், "கழுத்து எப்பிடி இருக்கும் அம்மா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று எனக்கு விளங்கியது. அவர் தயங்கவில்லை. "மெலிஞ்ச கழுத்து. தொண்டைக்குழியிலை ஒரு கறுத்தக் கயிறு கிடக்கும். தொண்டை முடிச்சு அப்பதான் வெளியிலை வரத் தொடங்கினது, தண்ணி குடிக்கேக்கை ஏறி இறங்கும்" என்றார்.

மூன்று நாள் அவர் வந்தார். கயிறு இவ்வளவு மொத்தமில்லை என்றார். எலும்பு இன்னும் தெரியவேண்டும் என்றார். நான் அழித்து அழித்து வரைந்ததில் தாள் அந்த இடத்தில் பஞ்சாகிவிட்டது. நான்காம் நாள் எதுவும் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்து எண்ணிக் கொடுத்தார். சுற்றிக் கொடுக்கப் பத்திரிகைத் தாள்கூட எங்களிடம் இல்லாதபடியால், படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

1995 அக்டோபர் 30இல், இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுதும் ஓர் இரவில் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது, ஸ்ரூடியோவில் எவரும் வந்து வாங்காத படங்கள் பல சுவரோடு அடுக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு திரும்பியபோது கறையான் அவற்றின் பெரும்பகுதியைத் தின்றிருந்தது. எங்களுடைய இழப்பு அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்தைப் பல தலைமுறை மாணவருக்குக் கற்பித்த அ. மாற்குவின் படைப்புகள் பல அந்த இடப்பெயர்வோடு இல்லாமற் போயின என்பதை நினைத்தால், கறையான் தின்ற எங்கள் கட்டப்படங்களைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

கழுத்துகளுக்கு நான் திரும்பியது 2013இல். முகங்கள் இல்லாமல், திறந்த கழுத்துப்பட்டியும் கழுத்தும் மட்டுமாக, விளக்குக் கரியால் முப்பத்தொரு சிறிய படங்களை வரைந்தேன். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எனக்குச் சொல்லக் கேட்டு வரைந்தது. படத்தைப் பார்த்து வரைந்தது ஒன்றும் இல்லை. கொழும்பில் அவை காட்டப்பட்டபோது, வந்தவர்களுள் பலர் அவற்றைக் கழுத்தறுப்பின், சிரச்சேதத்தின் குறியீடாகக் கண்டு தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவர்களுடைய அனுதாபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு பொத்தானைப் பற்றி நான் எவ்வளவு விளக்கியும், விளக்கம் முடிந்ததும் அவர்கள் போரைப் பற்றியே கேட்டார்கள். முகத்தை ஏன் மறைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். நான் எதையும் மறைக்கவில்லை. முகம் அட்டையில் இருந்தது. அட்டையில் இல்லாததைத்தான் வரையவேண்டியிருந்தது. என் வருத்தம் எல்லாம், அந்த மண்டபத்தில் இரண்டு கிழமையில் ஒருவர்கூட "இந்தக் கயிறு இப்படிக் கிடக்காது" என்று சொல்லவில்லை என்பதுதான்.

எங்கள் ஊரில் படத்தைத் திருத்துவது பழைய வழக்கம். கோயில் திரைச்சீலையில் ஓர் ஆயுதம் கை மாறி இருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஆச்சிகூட ஓவியரை விடமாட்டார். புராணம் அவருக்குத் தெரியும். சரியான கை எது என்பதும் தெரியும். இந்தப் பழக்கத்தை நவீன ஓவியர்கள் பலர் ஒரு நோயாகவே கருதுகிறார்கள், சுதந்திரத்துக்குப் பகை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சுவேலியைச் சேர்ந்த ஆசை இராசையாவின் நிலக்காட்சிகளின் முன் நின்று, இது எந்த இடம், எந்த மாதம் என்று மக்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். மாற்குவின் உடைந்த கோடுகளின் முன் நின்று "இது என்ன?" என்று கேட்பவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது, படம் தங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியது என்ற உரிமை. அந்த உரிமை போய்விட்டால் மிஞ்சுவது "நல்ல வடிவு" என்ற சொல் மட்டுமே; அதைக் கேட்டு எந்தப் படத்தையும் எவரும் திருத்த முடியாது.

சிவப்பைப் பற்றிய கதை சற்று நீளமானது. நான் பிறந்து வளர்ந்தது வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில். வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூடம் போய்ச் செம்மஞ்சளாகத் திரும்பும் பிள்ளைகளின் தாய்மாருக்கு அந்த மண்ணின் நிறத்தைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் படிந்திருக்கும் அந்த மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஒட்சைட்டு. ஓவியர்கள் காலங்காலமாகப் பாவிக்கும் காவிக்கல்லின் நிறமும் அதே இரும்புதான். ஆகவே தோட்டத்தை வரைவதற்குத் தோட்டத்து மண்ணையே எடுத்தால் என்ன என்று தோன்றியது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, பரல்கள் அடியில் தங்கியதும் மேலே உள்ள கலங்கலை வேறு சட்டிக்கு வார்த்து, மறுபடியும் தெளியவைத்து, துணியில் வடித்துக் காயவைத்தால் மா போன்ற தூள் கிடைக்கும். அதை விளாம்பிசினில் குழைத்து, இறைப்பு நேரத்து வெங்காயத் தறை ஒன்றை ஆறடி அகலத்தில் வரைந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மண் எடுத்த தோட்டக்காரரை அழைத்துக் காட்டினேன். அவர் தமது மண்ணை உடனே இனங்கண்டு சிரித்தார். பிறகு, "வாய்க்காலிலை தண்ணி ஓடுது, சரி. ஆனா பாத்தி காய்ஞ்சு கிடக்குது. தண்ணி பட்ட செம்பாடு இந்த நிறமோ பிள்ளை? இது மாசத்துக்கு இறைக்காத தறை" என்றார். உண்மை. பிசினில் குழைத்த மண் ஈரமாக இருக்கும்வரை கருஞ்சிவப்பாக இருந்து, காய்ந்ததும் வெளிறிவிட்டது. தண்ணீரை வரைந்திருந்தேன், நனைவை வரையவில்லை.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் போயின. ஈர மண் ஏன் கறுக்கிறது என்பதற்குக் காரணம் எளிது: மண் துகள்களுக்கு இடையில் இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால், ஒளி சிதறித் திரும்புவது குறைந்து, உள்ளே போய் அடங்குவது கூடுகிறது. ஆளிவிதை எண்ணெயும் அதே வேலையைச் செய்யும். ஆனால் தண்ணீரைப் போல ஆவியாகிப் போகாமல் இறுகி அங்கேயே நின்றுவிடும். மண்ணைப் பிசினில் குழைத்தால் காய்ந்த தறை, எண்ணெயில் அரைத்தால் இறைத்த தறை. ஒரே மண், இரண்டு கட்டுப்பொருள். பிறகு வந்த தோட்டப் படங்கள் யாவும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தவை. அவற்றில் வாய்க்கால் இல்லை, தண்ணீர் இல்லை, வெங்காயம்கூட இல்லை. இறைத்த பாத்தியும் இறைக்காத பாத்தியும் மட்டுமே. வெளியூர்க்காரர் அவற்றைச் சுத்த அரூபம் என்று எழுதினார்கள். தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, மேல் மூலையைக் காட்டி, "இந்தப் பாத்திக்குத் தண்ணி இன்னும் சரியா ஏறேல்லை" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது என்று அறிந்துகொண்டேன்.

செம்மண்ணோடு வேலை செய்துகொண்டிருந்தபோதே இந்தக் கரையின் இன்னொரு சிவப்பைப் பற்றியும் படிக்க நேர்ந்தது. தீவுகளிலும் கரையோர மணலிலும் வளரும் சாயவேர், இம்பூறல் என்றும் சொல்வார்கள், படிகாரம் ஏற்றிய துணியில் கடுஞ்சிவப்பைக் கொடுக்கும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அந்த வேரைத் தங்கள் தனியுரிமையாக வைத்திருந்தனர். வேர் தோண்டிக் கொடுப்பது சில சாதியாருக்கு ஊழியமாக விதிக்கப்பட்டிருந்தது. நாம் அழகென்று சொல்லும் பழைய சிவப்புத் துணிகளுக்குப் பின்னால் வெயிலில் குனிந்து தோண்டிய முதுகுகள் இருக்கின்றன. அந்த வேரின் சாயப்பொருள் அலிசரின். 1868இல் ஜெர்மனியில் அதைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டபின் வேருக்கான சந்தை வீழ்ந்தது. நான் கொழும்பில் காசு கொடுத்து வாங்கிவந்த அலிசரின் கிரிம்சன் குழாயில் இருந்ததும் அதே பொருள்தான். அதை மெல்லிய பூச்சாக எண்ணெய்ப் படம் ஒன்றில் பயன்படுத்தி, யன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். எட்டு ஆண்டில் அது வெளிறி, ரோசாவின் பழைய இதழ் போலாகிவிட்டது. அலிசரின் வெளிச்சத்தைத் தாங்காது என்று குழாயிலேயே எழுதியிருக்கிறது; நான் வாசிக்கவில்லை. அதற்குக் கீழே பூசியிருந்த செம்பாட்டு மண் மட்டும் ஓர் இம்மியும் மாறாமல் இருந்தது. அந்தப் படத்தை அப்படியே வைத்திருக்கிறேன். பிழை பிடித்தது வெயில் என்பதால் மறுத்துப் பேச ஒன்றுமில்லை.

கடலை நான் வரைவதில்லை. அதற்கும் ஒருவர் காரணம். பண்ணைப் பாலத்துக்கு இருபுறமும் ஆழமில்லாத நீரில் சிறகுவலைக் கம்புகள் நிற்கும் காட்சியைப் பல காலை வேளைகளில் போய் வரைந்தேன். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் என் பச்சையைப் பார்த்து, "அது பச்சை இல்லை, அது அரைப் பாகத் தண்ணி. இஞ்சை நீலம் போட்டிருக்கிறியள், அது தாழை" என்றார். நான் நிறமாகக் கண்டதை அவர் ஆழமாகவும் அடியில் கிடக்கும் தாவரமாகவும் கண்டார். வேலியையும் மண்ணையும் பற்றி என்னைத் திருத்தியவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நடக்க எனக்குச் சிறுவயதுப் பழக்கம் இருந்தது. கடலில் எனக்கு அது இல்லை. அந்தத் தாள்களை மடித்து வைத்துவிட்டேன். இன்னொருவர் வரையட்டும்.

விற்பனைக்காக வரைவதைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் இருக்கை அறைக்குப் பனையும் அந்தி வானமும் கேட்பார்கள். வரைந்து கொடுத்திருக்கிறேன், கூரை ஓடு மாற்றியிருக்கிறேன். அவற்றை நான் படங்கள் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கனடாவிலிருந்து ஒருவர், படம் போய்ச் சேர்ந்து ஒரு மாதத்தின் பின் தொலைபேசியில் அழைத்து, நன்றி எல்லாம் சொல்லி முடித்தபின், தயங்கித் தயங்கி, "ஒன்று சொன்னால் குறை நினைக்கக் கூடாது. எங்கடை வளவுக்குப் பின்னாலை நிண்டது ஒற்றைப் பனை இல்லை, இரட்டைப் பனை. ஒண்டு மற்றதிலை சாய்ஞ்சு நிக்கும்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன வளவு அது. அந்த வீட்டைப் போய்த் தேடினேன். வீடும் இல்லை, இரண்டு பனையும் இல்லை. செல் விழுந்து தலை போன ஒரு மொட்டைப் பனையின் அடி மட்டும் சற்றே சாய்ந்தபடி நின்றது. எதன்மேல் சாய்ந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தப் படத்தை அவருக்கு அனுப்பவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது வரைந்துகொண்டிருப்பது மதில். எங்கள் ஒழுங்கையில் ஓலைவேலி போய்த் தகரம் வந்து, தகரம் போய் இரு பக்கமும் சீமெந்து மதில் வந்துவிட்டது. வேலியடைத்த அண்ணை காலமாகி ஆறு ஆண்டுகள். மதிலை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. முடிச்சும் இல்லை, பொட்டும் இல்லை, கேள்வி கேட்க ஒருவரும் இல்லை என்று எண்ணிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் பெரிய துணி ஒன்றை நான்கு மாதமாகப் பூசிவந்தேன். போன கிழமை, சித்திரம் பழக வரும் அயல்வீட்டுச் சிறுமி, நான்காம் வகுப்பு, என் பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ரீச்சர், இது மாரியோ கோடையோ?"

மாரி என்றேன். மேலே முகிலைக் காட்டினேன்.

"அப்ப அடியிலை பாசி பிடிச்சிருக்க வேணுமே. எங்கடை பக்கம் முழுக்கப் பச்சை. உங்கடை பக்கம்தான் வெயில் படுறது."

எவ்வளவு உயரத்துக்கு என்று கேட்டேன். அவள் துணிக்குக் கிட்டப் போய், தன் முழங்காலுக்குச் சற்று மேலே கையைக் கிடையாகப் பிடித்துக் காட்டினாள்.